பின்கதவு வரைக்கும் கேட்கும்

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் பேசினால் அவர் பேப்பரைத்தான் பார்ப்பார். அதில் எதுவரைக்கும் கேட்டும் பதில் சொல்லாமல் இருந்தார், எப்போதிலிருந்து கேட்காமலே இருந்தார் என்று நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மகள்தான் கண்டுபிடித்தாள். பேகம்பேட்டிலிருந்து அவள் போன் பண்ணி "ஜுரமாப்பா?" என்று கேட்டால் ஆமாம் என்கிறாராம், "ஜுரம் விட்டுடுச்சா?" என்று கேட்டாலும் ஆமாம் என்கிறாராம். ஒரு நாள் கூட்டிப் போய் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். மொச்சைக் கொட்டை மாதிரி இருக்கும், காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகக் கேட்டது. அடுத்த அறையிலிருந்து பேசினால் கேட்காது. அதற்காக நாங்கள் இரண்டு பேருமே கவலைப்படவில்லை. அவருக்கு நிம்மதி, எனக்குச் சுதந்திரம்.

நான் விழுகிற வரைக்கும் அப்படித்தான் போயிற்று.

சிகந்தராபாத் மாரெட்பள்ளியில் எங்களுடையது பழைய தனி வீடு. முன்னால் ஹால், ஹாலுக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள், ஹாலுக்கு நேர் பின்னால் சமையலறை. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் வாஷ் ஏரியா. குழாய், துவைக்கிற கல், பாத்திரம் தேய்க்கிற இடம் எல்லாம் அங்கேதான். ஒரு காலையில் அங்கே சோப்புத் தண்ணீரில் காலை வைத்தேன். அடுத்த நொடி உட்கார்ந்திருந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை, கணுக்கால் மட்டும் பிசகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. அவரைக் கூப்பிட்டேன். "ஏங்க" என்று ஆரம்பித்து, பிறகு அவர் பெயரையே சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அதையும் அவர் கேட்கவில்லை. ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்திரம் தேய்க்கிற பெண் வந்துதான் பார்த்தாள். "ஏமம்மா, இக்கட கூர்ச்சுன்னாவு?" என்றாள். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? காற்று நன்றாக வருகிறது என்றேன். சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தவள், என் காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஹாலுக்கு ஓடினாள்.

அவர் வந்து வாசற்படியில் நின்றார். எண்ணெய் எடுத்துவந்து காலுக்குத் தடவினார். அன்றைக்கு முழுக்க டிவி போடவில்லை.

சாயந்திரமே மகள் வந்துவிட்டாள். பேத்தியும் கூட வந்தாள். மகள் முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் அவளோடு வந்துவிட வேண்டும். ஆறாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, எங்களுக்கென்று அறை இருக்கிறது, சமைக்க ஆள் வருகிறாள். எல்லாம் உண்மைதான். போய்த் தங்கியும் பார்த்திருக்கிறேன். அங்கே எனக்கு ரூம் உண்டு, மரியாதை உண்டு, அடுப்பு கிடையாது. ஒரு காபி போடப் போனால் நாலு பேர் "நீங்க உக்காருங்க" என்பார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு முட்டி வலி வந்தது.

அவருக்கும் போக இஷ்டமில்லை. காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் வயர்லெஸ் செட்டுக்கு ஆண்டெனா டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தவர் அவர். ரிட்டயர் ஆன பிறகு பக்கத்து அறையில் ஒரு மேஜை நிறைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறார். பிரித்த எதையும் மூடியதில்லை. அந்த மேஜை எந்த லிஃப்ட்டிலும் ஏறாது.

ஆனால் மகளிடம் எதிர்த்துப் பேச எங்களிடம் என்ன இருக்கிறது? விழுந்தவள் நான், கேட்காதவர் அவர்.

மெஷின் கடைப் பெண்தான் ஒரு வழி சொன்னாள். கம்பியில்லாத சின்ன மைக் ஒன்று இருக்கிறதாம். பேசுகிறவர் அதை மாட்டிக்கொண்டால், பேச்சு நேராகக் காது மெஷினுக்குள் போய்விடுமாம். மகள் அதையும் வாங்கினாள். வாங்கும்போதே கண்டிஷனும் போட்டாள்.

"அம்மா இந்த வீட்டுல எந்த மூலையிலேர்ந்து கூப்பிட்டாலும் அப்பாவுக்குத் தெரியணும். தெரிஞ்சா இங்கயே இருங்க. இல்லைன்னா தீபாவளி எங்க வீட்டுல. அதுக்கப்புறமும் எங்க வீட்டுல."

மைக் பெட்டியின் மேல் எத்தனையோ மீட்டர் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கடைப் பெண் அதை நம்பாதீர்கள் என்றாள். அது வெட்டவெளி மைதானத்துக்குப் போட்ட கணக்கு, வீட்டில் சுவர் வந்தால் குறையும், இரும்பு வந்தால் இன்னும் குறையும். அதை எப்படி மாட்டிக்கொள்வது என்றும் விளக்கமாகச் சொன்னாள். நான் மூன்றாம் கிளாசோடு நிறுத்தியவள். ஆனால் தலையாட்டுவதில் எம்.ஏ. நன்றாக ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதை எங்கே வைப்பது என்று யோசித்தேன். கடுகு அளவுப் பொருள் இல்லை, தீப்பெட்டியில் பாதி இருந்தது. ஆனாலும் தொலைந்தால் வீடே போய்விடும். தொலையக் கூடாத பொருளுக்கு என்னிடம் ஒரே இடம்தான் உண்டு, தாலிச் சங்கிலி. ஊக்கெல்லாம் அங்கேதான் தொங்கும், ஒரு தாயத்தும் அங்கேதான். மைக்கையும் அதில் கோத்து, எல்லாவற்றையும் போடுகிற மாதிரி ரவிக்கைக்குள் போட்டு, மேலே முந்தானையை இழுத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஹாலில் பிரமாதமாகக் கேட்டது. யாரோ பேப்பரைக் கசக்குகிற மாதிரி நடுவில் சத்தம் வருகிறது என்றார். புதுசு, போகப் போகச் சரியாகும் என்றேன். பக்கத்து அறைக்குள்ளும் கேட்டது. அது எப்படித் தெரிந்தது என்றால், அங்கே ஹாலைப் பார்த்து நின்று போர்வை மடித்துக்கொண்டே வழக்கம்போல அவருடைய அக்காவைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து குரல் வந்தது.

"அவ செத்தே எத்தனையோ வருஷமாச்சு. இன்னும் விடலையா நீ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக நான் எனக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் இனிமேல் அவர் காதுக்கு நேராகப் போகும். வேறு யாராவது இருந்தால் அப்போதே பேகம்பேட்டுக்கு மூட்டை கட்டியிருப்பார்கள்.

ஆனால் சமையலறைக்குள் போனால் ஒன்றும் கேட்கவில்லை. "ஏங்க, பால் வந்துடுச்சா?" என்பேன். பதில் வராது. "ஏங்க, பால்." ஊஹூம். மூன்றாவது தடவை கரண்டியோடு திரும்பி, "காதுல என்ன பூண்டா முளைச்சிருக்கு?" என்பேன். உடனே ஹாலிலிருந்து, "எதுக்கு இப்போ கத்தற?" என்று வரும்.

இது ஒரு நாள் இல்லை, தினமும் நடந்தது. உப்பு கேட்டால் கேட்காது. பருப்பு வேண்டும் என்றால் கேட்காது. திட்டினால் மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்கும்.

"பால்னா கேக்காது, பூண்டுன்னா கேக்குதா?" என்று போய் நின்றேன்.

"சத்தியமா பால் காதுல விழல. பூண்டு மட்டும்தான் விழுந்துச்சு."

யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டு அம்மாவிடம் சுவருக்கு மேலாகச் சொன்னேன். "ஹவ், சப் மர்தாங் ஐசேச்" என்றாள் அவள். ஆம்பிளைகள் எல்லோரும் இப்படித்தானாம். அவள் வீட்டில் மைக் கூட இல்லை.

அவர் மட்டும் அதை அப்படியே விடவில்லை. திட்டுக்கு ஒரு ரேஞ்ச், பாலுக்கு ஒரு ரேஞ்ச் எந்த மெஷினிலும் கிடையாது என்றார். ஆண்டெனா டெஸ்ட் பண்ணிய மனுஷன், ரொம்ப நாள் கழித்து வேலை கிடைத்துவிட்டது. ஆண்டெனாவுக்கு முன்னால் இரும்பு நிற்கக் கூடாது என்று பீரோவை இடம் மாற்றினார். பிறகு வைஃபையை அணைத்தார். வார லீவுக்கு வந்திருந்த பேத்திக்கு உயிரே போய்விட்டது, "தாத்தா, கைக்கு?" என்று நின்றாள். தெருவில் கற்ற உருது. எதற்கு என்று கேட்டால் தாத்தா ரிசர்ச் பண்ணுகிறார் என்றேன். எங்கே சத்தம் அறுந்துபோகிறதோ அங்கே தரையில் சாக்பீசால் கோடு போட்டார். சரியாகச் சமையலறை வாசற்படியில் விழுந்தது கோடு. வெறும் கோடு பார்க்க நன்றாக இல்லை என்று நான் அதை இரண்டு பூ போட்டுக் கோலமாக முடித்துவிட்டேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

மர்மம் அவிழ்ந்தது அரிசி டிரம்மால்தான்.

கடையிலிருந்து வந்த அரிசியை ஹாலிலேயே டிரம்மில் கொட்டிவிட்டோம். தூக்க முடியாது. இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கமாக நடந்து, சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். போகும்போது சும்மா போவேனா, அரிசி விலை, அவர் முதுகுவலி, மாப்பிள்ளையின் தொப்பை என்று பேசிக்கொண்டே போனேன். அடுப்பு வரைக்கும் போய்விட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"இப்போ நீ கோட்டைத் தாண்டிட்ட. ஆனா மாப்பிள்ளை தொப்பை வரைக்கும் கேட்டுது."

"நல்லவேளை, மாப்பிள்ளை இல்லை" என்றேன்.

"அங்கயே நில்லு. திரும்பு."

திரும்பினேன். "பேசு" என்றார். பேசினேன். கேட்கவில்லை. "இந்தப் பக்கம் திரும்பு." பேசினேன். கேட்டது. பல்லக்கில் வைத்த சாமி மாதிரி என்னை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த மைக்கை எங்கே மாட்டியிருக்கிறாய் என்று கேட்டார். சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினேன். தாலி, தாயத்து, ஊக்கு, நடுவில் பச்சை விளக்கு எரிகிற மைக்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார், மனுஷ உடம்பு முக்கால்வாசி தண்ணீர், ரேடியோ அலை தண்ணீரைத் தாண்டாது, நான் அடுப்பைப் பார்த்து நிற்கும்போது என் உடம்பே குறுக்கே நின்று அடைத்துவிடுகிறது. திட்டும்போது மட்டும் நான் அவரைப் பார்த்துத் திரும்புகிறேன், அதனால் அது மட்டும் போய்ச் சேர்கிறது.

"நீதான் குறுக்க நிக்கற."

"கல்யாணமானதிலேர்ந்து இதைத்தானே சொல்றீங்க."

அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பாவம், பால் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. இருந்தாலும் நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு தடவை ஆரம்பித்தால் பழக்கமாகிவிடும்.

மைக்கைச் சங்கிலியிலிருந்து எடுத்து, இடது தோளில் முந்தானைக்கு ஊக்குப் போடுகிற இடத்தில் மாட்டினார். தோளில் இருந்தால் முன்னாலும் போகும், பின்னாலும் போகும். கடைப் பெண்ணும் வெளியேதான் மாட்டச் சொன்னாளாம். இருக்கலாம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கசக்குகிற சத்தமும் நின்றது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பால் என்றேன், வந்துவிட்டது என்று பதில் வந்தது. கடுகு தாளித்தால் காதுக்குள்ளேயே வெடிக்கிறது என்று புகார் பண்ணினார். குக்கர் விசில் வரப்போகும்போது நான் முன்கூட்டியே "விசில்" என்று சொல்லவேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று.

வாஷ் ஏரியாதான் மிச்சம். அது மட்டும் வரவில்லை. தோளில் மாட்டினாலும் தலையில் வைத்தாலும் வரவில்லை. பின்கதவைத் தாண்டி ஒரு அடி வைத்ததும் சத்தம் கத்தரித்துவிடுகிறது. நடுவில் கெட்டிச் சுவர், சுவரை ஒட்டி பிரிட்ஜ். பிரிட்ஜை நகர்த்தியும் பார்த்தார். வேறு எங்கே விழுந்திருந்தாலும் பரவாயில்லை, நான் சரியாக அந்த இடத்தில்தானே விழுந்து தொலைத்தேன். மகள் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் பண்ண வருகிறாள் என்று போன் வந்தது. முதலில் எங்கே கூட்டிப்போவாள் என்று எனக்குத் தெரியாதா?

நான் ஒரு யோசனை சொன்னேன். பின்னால் போனதும் நான் கூப்பிடுவேன், கேட்கிறதோ இல்லையோ, கொஞ்சம் பொறுத்து "வரேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"நக்கோ" என்றார், அதெல்லாம் வேண்டாம் என்று. எனக்காக என் ஊர் பாஷையிலேயே சொன்னார். அவர் வேலூர்க்காரர், நான்தான் சிகந்தராபாத்தில் பிறந்தவள். "டெஸ்ட்ல வராத ரீடிங்கை நான் எழுதினதே இல்லை."

"எழுத வேணாம், சொன்னா போதும்."

"உன் காலு அது. வெளாட்டு இல்லை."

நான் மனசுக்குள் எந்தெந்தப் பாத்திரத்தை எடுத்துப்போவது, எதைப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்குக் கொடுப்பது என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வாரம் அவர் இன்னொரு தொந்தரவும் கொடுத்தார். நான் பின்னால் துணி துவைக்கப் போனால் வந்து நிற்பார். ஒரு தடவை கொறடு தேடி வந்தேன் என்றார். ஒரு தடவை செம்பருத்தியில் மொட்டு வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். அது மொட்டே வைக்காத செடி. ஒரு தடவை ஒன்றுமே சொல்லாமல் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் முணுமுணுக்க மிச்சமிருந்தது அந்த ஒரு இடம்தான், அங்கேயும் வந்து நிற்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பேத்தியைத் தாத்தா பக்கத்தில் உட்கார வைத்தாள், தாத்தா ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கூட்டிப்போனாள். அறைக்குள் நின்று இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன், ஞாயிறு என்று பதில் வந்தது. சமையலறையில் அடுப்பைப் பார்த்து நின்று, காபியில் சர்க்கரை போட்டேனா என்று கேட்டேன்.

"குடிச்சாத்தானே தெரியும். இன்னும் குடுக்கவே இல்லையே" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு அவள் பின்கதவைத் திறந்தாள். துவைக்கிற கல் பக்கத்தில், நான் விழுந்த அதே இடத்தில் நிறுத்தினாள்.

"கூப்பிடும்மா."

"ஏங்க" என்றேன். பதில் இல்லை. "ஏங்க, கேக்குதா?" பதில் இல்லை. குழாயிலிருந்து சொட்டுகிற சத்தம்தான். மகள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அவளுக்கும் அது சந்தோஷமாக இல்லை என்று தெரிந்தது. "போதும்மா, வா உள்ள" என்று என் தோளைத் தொட்டாள்.

அப்போது சமையலறையில் செருப்புச் சத்தம். அவர் வந்து வாசற்படியில் நின்றார். பின்னாலேயே பேத்தி ஓடி வந்தாள்.

"மம்மி, தாத்தாக்கு ஏமீ வினப்படலேது. ஹீ ஜஸ்ட் காட் அப்" என்றாள். தாத்தாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, சும்மா எழுந்து வந்துவிட்டார் என்று போட்டுக் கொடுக்கிறாள்.

மகள் அவரைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "அம்மா கூப்பிட்டது கேட்டுச்சாப்பா?"

நான் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"கேக்கல."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"சத்தம் நின்னுபோச்சு."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அவர் பொறுமையாகச் சொன்னார். "உங்கம்மா சும்மாவே இருக்கமாட்டா. வளையல் சத்தம், செருப்பு சத்தம், யாரையாவது திட்டற சத்தம், எதுனா ஒண்ணு காதுல ஓடிக்கிட்டே இருக்கும். அந்தக் கதவைத் தாண்டினா பட்டுனு நின்னுடும். நின்னா பின்னாடி போயிருக்கான்னு அர்த்தம். எழுந்து வந்து பாத்துடுவேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"எனக்கு வேற இன்னா வேலை?"

கொறடும் செம்பருத்தியும் எனக்கு அப்போதுதான் விளங்கின. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த வீட்டில் அது பெரிய அதிசயம், பேத்திகூட என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மகள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் அந்த அப்பாவுடைய பெண்தான், ஒரு ரீடிங்கை நம்பமாட்டாள். சாப்பிட்டு முடித்து அவர் நாற்காலியில் கண்ணசந்த நேரம் பார்த்து, எனக்கு ஜாடை காட்டிப் பின்னால் அனுப்பினாள். நான் பூனை மாதிரி போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவருடைய அக்காவை நினைக்க ஆரம்பித்தேன். பாதிகூட நினைக்கவில்லை, ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றார், தலைமுடியெல்லாம் தூக்கிக்கொண்டு.

அவர் பின்னால் மகள் நின்றாள். "சரி, இங்கயே இருங்க" என்றாள். அதோடு விடவில்லை. வழுக்காத ரப்பர் பாய் ஒன்றை வாங்கி வந்து அங்கே போட்டாள், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்க ஆள் அனுப்பினாள். பாய்க்கு அடியில் பாசி பிடிக்கிறது, அதை வாரம் ஒரு தடவை தேய்க்கிறது என் தலைவிதி.

தீபாவளிக்கு அவர்கள்தான் இங்கே வந்தார்கள். நான்தான் சமைத்தேன். ஒருத்தரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஒரு தடவை வடை சுட்டுக்கொண்டிருக்கும்போது மைக்கில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவர் பின்கதவு வரைக்கும் ஓடி, என்னைக் காணோம் என்று கலங்கிப்போய், திரும்பினால் அடுப்படியில் கரண்டியோடு நான் நிற்கிறேன். என்னைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறார். வந்ததற்கு ஒரு வடை கொடுத்தேன். அதிலிருந்து காலையில் மைக்கைச் சார்ஜில் போடுவதும் எடுத்து என் தோளில் மாட்டிவிடுவதும் அவர் வேலை.

எனக்கு இப்போது முணுமுணுக்க இடமே கிடையாது. அக்காவை விட்டுவிட்டேன், வேறு வழியில்லை. ஆனால் ஒரு சௌகரியம் உண்டு. ஈரத் துணி வாளி கனமாக இருந்தால், அதைக் கொடிக்குத் தூக்கிக்கொண்டு போக அவரை நான் கூப்பிடுவதில்லை. பின்கதவைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறேன். வந்துவிடுகிறார்.